சேலம் மாநகராட்சி: மேயரும் ஆணையரும்

சேர்வராயன் மலை அடிவாரத்தில் அமைந்துள்ள சேலம், 1866 இல் நகராட்சியாகவும் 1994 இல் மாநகராட்சியாகவும் ஆனது. இராஜாஜி 1917 முதல் 1919 வரை இதன் நகர்மன்றத் தலைவராக இருந்தார். அன்று நிர்வாகப் பொறுப்பும் தலைவரிடமே இருந்தது.

இன்று அப்பொறுப்பு பிரிந்துள்ளது. 60 வார்டு உறுப்பினர்கள் கொண்ட மாமன்றக் கூட்டத்துக்கு மேயர் தலைமை வகிக்கிறார். வரவு செலவுத் திட்டத்துக்கும் துணைவிதிகளுக்கும் மாமன்றத் தீர்மானம் தேவை. தீர்மானங்களைச் செயல்படுத்துபவர் மாநில அரசு நியமிக்கும் ஆணையர்.

1996, 2001, 2011 தேர்தல்களில் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தனர்; 2006, 2022 இல் மாமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தனர். எம்முறையில் வந்தாலும் செயலாட்சி அதிகாரம் ஆணையரிடமே உள்ளது. எனவே மக்கள் வாக்களித்தவர் ஒருவர், பணியை நிறைவேற்றுபவர் வேறொருவர். மலைமேல் உள்ள ஏற்காடு தனி ஊராட்சி ஒன்றியம். மேயரின் அதிகாரம் அங்குச் செல்லாது.