காயங்களுக்கு ஒரு கணக்கு



விபத்தில் அடிபட்டு வருபவர்களில் ஒரு மருத்துவமனையில் நூற்றுக்கு இருபது பேரும், இன்னொன்றில் ஐந்து பேரும் இறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதுதான் நல்லது என்று நீங்கள் சொல்வீர்கள். ஆனால் முதலாவதுக்கு மோசமாக நொறுங்கியவர்களை மட்டுமே கொண்டுவருகிறார்கள் என்றால்?

அமெரிக்க மருத்துவர்களுக்கு இந்தக் கேள்வி வந்தது. 1960-களின் பிற்பகுதியில் அங்கே சாலை விபத்துகளில் ஆண்டுக்கு 50,000 பேருக்கு மேல் இறந்தார்கள். எந்தச் சிகிச்சை உயிரைக் காக்கிறது என்று அறிய, முதலில் காயத்தை அளக்க வேண்டும். மருத்துவர்களும் வாகனப் பொறியாளர்களும் சேர்ந்து உருவாக்கிய அளவுகோல் 1971-இல் வெளியானது. அதன் இன்றைய வடிவில் சிறு காயத்துக்கு 1, பிழைக்கவே முடியாததற்கு 6.

ஒருவருக்கே தலை, மார்பு, கால் மூன்றிலும் அடி என்றால் என்ன செய்வது? பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் சூசன் பேக்கரும் அவரது குழுவினரும் எட்டு மருத்துவமனைகளைச் சேர்ந்த 2,128 வாகன விபத்து நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்தார்கள். எண்களை வெறுமனே கூட்டினால், இறப்பு விகிதத்தோடு அது ஒத்துப்போகவில்லை. தனியாக வந்தால் உயிருக்கு ஆபத்தில்லாத காயம்கூட இன்னொன்றோடு சேர்ந்தால் ஆபத்தைக் கூட்டியது.

1974-இல் அவர்கள் தந்த வழி எளிது. உடலை ஆறு பகுதிகளாகப் பிரித்து, மிக மோசமாக அடிபட்ட மூன்று பகுதிகளின் எண்களை வர்க்கப்படுத்திக் கூட்ட வேண்டும். கால் முறிவுக்கு மட்டும் 3 என்றால் 9. மார்பிலும் 3 என்றால் 9+9=18. ஒரே ஒரு 4-க்குக் கிடைக்கும் 16-ஐவிட இது அதிகம்! உச்ச மதிப்பு 75. 15-ஐத் தாண்டினால் பெருங்காயம் என்பது வழக்கம். இனி மருத்துவமனைகளை நியாயமாக ஒப்பிடலாம்.

வங்கிக் கணக்கில் பழகிய எனக்கு இதற்குப் பின் நடந்ததுதான் மிகவும் பிடித்தது. கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது. கல்லீரலும் மண்ணீரலும் கிழிந்தாலும் இரண்டும் வயிறு என்பதால் ஒன்று மட்டுமே சேரும். 1997-இல், எந்தப் பகுதியானாலும் மோசமான மூன்று காயங்களை எடுக்கலாம் என்று திருத்தம் வந்தது. அந்தக் கட்டுரையை எழுதிய மூவரில் சூசன் பேக்கரும் ஒருவர். தாம் எழுதிய பேரேட்டைத் தாமே தணிக்கை செய்திருக்கிறார்!

இந்தக் கணக்கு எல்லாப் பரிசோதனைகளும் முடிந்த பிறகு போடுவது. நம் வாசலில் யாராவது வண்டியிலிருந்து விழுந்தால் அதற்கு நேரமிருக்காது. ஆனால் அது சொல்லும் பாடம் அங்கேயும் பொருந்தும். கண்ணுக்குத் தெரியும் கால் முறிவோடு நின்றுவிடாதீர்கள். நினைவு இருக்கிறதா, மூச்சு சீராக இருக்கிறதா, வயிறு வலிக்கிறதா என்று கேளுங்கள். எழுப்பி உட்கார வைக்காமல் 108-ஐ அழையுங்கள். இரண்டாவது காயத்தையும் மறக்காமல் சொல்லுங்கள்.