சீதாதேவி பறந்த வழி

தஞ்சையிலிருந்து சென்னை எவ்வளவு தொலைவு என்று வகுப்பில் கேட்டால் மாணவர்கள் உடனே விடை சொல்லிவிடுகின்றனர். யாழ்ப்பாணம் எவ்வளவு தொலைவு என்று கேட்டால் தயங்குகின்றனர். வரைபடத்தில் அளவுகோலை வைத்துப் பார்த்தால் வியப்பே மிஞ்சும். நேர்கோட்டில் சென்னை ஏறத்தாழ 280 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்துப் பலாலி ஏறத்தாழ 150 கிலோமீட்டர். கோடியக்கரையிலிருந்தோ எதிர்க்கரை 60 கிலோமீட்டருக்குள் வந்துவிடுகிறது. இத்தனை அருகிலிருந்த ஊர் நம் நினைவில் எப்படித் தொலைதூரமாயிற்று? இந்தக் கேள்விக்கு ஒரு சிறிய விமான நிறுவனத்தின் வரலாற்றில் பாதி விடை இருப்பதாகத் தோன்றுகிறது. அதனாலேயே ஏர் சிலோனின் கதையை இங்கே சொல்ல முற்படுகிறோம்.

தமிழகத்துக்கும் இலங்கைக்கும் இடையே வான்வழி ஏர் சிலோனுக்கு முன்பே திறந்துவிட்டது. கொழும்பை அடுத்த இரத்மலானை விமான நிலையம் 1935இல் தொடங்கப்பட்டபோது அங்கு முதலில் வந்திறங்கியது சென்னையிலிருந்து சென்ற சிறு விமானம். 1938இல் டாட்டா நிறுவனம் தன் அஞ்சல் விமானப் பாதையைத் திருச்சி வழியாகக் கொழும்புக்கு நீட்டியது. காவிரிக்கரை ஊர்களின் கடிதங்கள் வான்வழியே கடலைத் தாண்டத் தொடங்கிய காலம் அது.

இலங்கை விடுதலை பெற்றது 1948 பிப்ரவரி 4 அன்று. அதற்கு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் முன்பே, 1947 டிசம்பர் 10 அன்று, ஏர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டது. கொடி ஏறுமுன்பே விமானம் ஏறிவிட்டது எனலாம். போக்குவரத்து அமைச்சராயிருந்த ஜோன் கொத்தலாவலை இம்முயற்சிக்கு முன்னின்றார். போர்க்காலத்தில் பறந்து பழகிய டகோட்டா விமானங்கள் மூன்றே கையிருப்பு. ஒவ்வொன்றும் முப்பது பேரைக்கூட ஏற்றாது. முதற்பயணம் சென்ற விமானத்துக்குச் சீதாதேவி என்று பெயர். சென்ற வழி யாழ்ப்பாணம், சேர்ந்த இடம் சென்னை.

அந்தப் பெயரைப் படிக்கும்போது தமிழாசிரியரின் மனம் தேரழுந்தூருக்குப் போகாமல் இருக்குமா? கம்பன் காட்டும் சீதை பர்ணசாலை நின்ற நிலத்தோடு பெயர்த்தெடுக்கப்பட்டு இலங்கைக்குக் கொண்டுசெல்லப்பட்டவள். புட்பக விமானத்தில் மீண்டவள். புதிய நாடொன்று தன் முதல் விமானத்துக்கு அவள் பெயரைச் சூட்டி, வடக்கு நோக்கி அனுப்பிய செயலில் ஒரு நல்லெண்ணம் இருந்ததாகவே கொள்வோம். விரைவிலேயே திருச்சிராப்பள்ளியும் அந்த நிறுவனத்தின் பாதையில் சேர்ந்தது.

அந்த விமானங்களில் ஏறியவர்கள் யார் என்றும் கேட்க வேண்டும். வணிகர், அதிகாரி, வழக்கறிஞர், புகழ்பெற்ற கலைஞர் ஆகியோருக்கே அந்தக் கட்டணம் கட்டியிருக்கும். தேயிலைத் தோட்டத்துக்குச் சென்ற கூலித் தொழிலாளி மண்டபம் முகாமில் காத்திருந்து, தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கியவன். யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களுக்கு அழைக்கப்பட்ட தஞ்சை மாவட்டத்து நாகசுரக் குழுக்களுக்கும் நெடுங்காலம் ரயிலும் கப்பலுமே வழி. ஆகவே விமானத்தை ஏழைகளின் தோழன் என்று புனைந்துரைக்க நாம் விரும்பவில்லை. ஆயினும் கப்பலும் விமானமும் சேர்ந்தே இரு கரைகளையும் ஒரே வட்டாரமாக வைத்திருந்தன. சென்னையில் அச்சான வார இதழ் யாழ்ப்பாணத்துக் கடையில் தொங்கியதும், யாழ்ப்பாணத்து மாணவர் நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்ததும் அந்த உறவின் பகுதிகள்.

இனி நிறுவனத்தின் வளர்ச்சிக்கு வருவோம். சிறிய நாட்டின் விமான நிறுவனம் ஒரு முரண்பாட்டோடு பிறக்கிறது. அது நாட்டின் பெருமைக்குரிய சின்னம்; ஆனால் விமானமும் விமானியும் பழுது பார்க்கும் திறனும் வெளியிலிருந்தே வரவேண்டும். ஏர் சிலோன் 1949இல் ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்றைக் கூட்டாளியாக்கி, 49 விழுக்காட்டுப் பங்கை அதற்குக் கொடுத்து, இலண்டனுக்கும் சிட்னிக்கும் பறக்கத் தொடங்கியது. அந்தக் கூட்டு சில ஆண்டுகளில் முறிந்தது. 1950களின் நடுவில் நெதர்லாந்தின் கேஎல்எம் வந்தது. 1960களில் பிரிட்டனின் பிஓஏசி, 1970களின் தொடக்கத்தில் பிரான்சின் யூடிஏ. தோழர்கள் மாறியபடி இருக்க, வால்பகுதியில் எழுதிய பெயர் மட்டும் மாறவில்லை.

இலண்டன் பாதை நாட்டுக்குப் பெயர் தந்தது. ஆனால் அப்பாதையில் இரவல் இறக்கையின்றி அதனால் பறக்க இயலவில்லை. தன் சொந்த விமானங்களைக் கொண்டு அது ஓட்ட முடிந்தவை அண்டைப் பாதைகளே. யாழ்ப்பாணம், திருச்சி, சென்னை ஆகிய ஊர்கள் அவற்றுள் முதன்மையானவை. 1960களில் டகோட்டாவுக்குத் துணையாக ஆவ்ரோ விமானம் வந்தபின்னும் இந்த நிலை தொடர்ந்தது. நெடும்பாதை பெருமைக்கு, குறும்பாதை பிழைப்புக்கு என்ற பங்கீடு சிறிய நாட்டு நிறுவனங்கள் பலவற்றுக்கும் பொருந்தும்.

கரைகளோ ஒவ்வொன்றாக விலகின. 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என முடிவாயிற்று. அதே ஆண்டு டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் இராமேசுவரத்துக்கு மாறியது. 1970களில் இந்திய இதழ்களின் இறக்குமதியை இலங்கை அரசு கட்டுப்படுத்தியது. ஈழத்து எழுத்து தன் காலில் நிற்க அது உதவியது என்பாரும் உளர். எனினும் வாசகர் கைக்கு எட்டிய தூரம் குறைந்ததை மறுப்பதற்கில்லை.

1978 செப்டம்பர் 7 அன்று, புதிய அரசமைப்பு நடைமுறைக்கு வந்த நாளில், இரத்மலானையில் நின்ற ஏர் சிலோனின் ஆவ்ரோ விமானம் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. உயிரிழப்பு இல்லை. ஆனால் வரப்போகும் போரின் முன்னறிவிப்பை அந்தப் புகையில் இன்று நம்மால் படிக்க முடிகிறது. நட்டத்தில் தள்ளாடிய நிறுவனம் அதே ஆண்டு நின்றுபோயிற்று.

அடுத்த ஆண்டு, 1979 செப்டம்பர் 1 அன்று, ஏர் லங்கா பறக்கத் தொடங்கியது. விமானங்களும் நிருவாகமும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடமிருந்து வந்தன. இங்கே ஒரு செய்தியை நினைவூட்டுவது பொருத்தம். சிங்கப்பூர் நிறுவனத்தின் முன்னோடியான மலாயன் ஏர்வேஸும் பயணிகளை ஏற்றிப் பறக்கத் தொடங்கியது அதே 1947ஆம் ஆண்டில்தான். ஒரே ஆண்டில் நாற்று நட்ட இரு வயல்கள். முப்பது ஆண்டு கழித்து ஒன்று மற்றொன்றிடம் விதைநெல் கேட்டு நின்றது. ஏர் லங்கா 1999இல் ஸ்ரீலங்கன் ஆயிற்று. 1998 முதல் 2008 வரை எமிரேட்ஸ் அதன் நிருவாகத்தைக் கவனித்தது. 2001 ஜூலையில் கட்டுநாயக்க விமான நிலையத் தாக்குதலில் அதன் விமானங்களும் அழிந்தன. பெயர் மாறியும் கடன் சுமை அதை விடவில்லை.

நம் பகுதிக்கு வந்த இழப்பு இதனினும் அமைதியானது. 1978க்குப் பின் யாழ்ப்பாணத்திலிருந்து தமிழகத்துக்கு நேர் விமானம் இல்லை. இராமேசுவரம் கப்பலும் 1980களில் நின்றது. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தார் ஒருவர் தஞ்சைக்கு வர விரும்பினால் முதலில் தெற்கே கொழும்புக்குச் சென்று, அங்கிருந்து திருச்சிக்குப் பறக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றிய கதை. வழியில் எத்தனை சோதனைச் சாவடிகள் என்பதைப் போர் கண்டவர்களே சொல்ல வேண்டும். ஒரு தலைமுறையே எதிர்க்கரையைச் செய்தித்தாளில் மட்டும் பார்த்து வளர்ந்தது. வகுப்பில் தயங்கும் மாணவர்கள் அத்தலைமுறையின் பிள்ளைகள்.

பலாலி 2019 அக்டோபரில் பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னையிலிருந்து சிறு விமானம் சென்றது. பெருந்தொற்றால் நின்று 2022 டிசம்பரில் மீண்டது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் திரும்ப வந்தது. 2025 மார்ச் இறுதியில் திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே இண்டிகோ விமானம் பறக்கத் தொடங்கியது.

கடைசியாகச் சொன்ன பாதையைச் சற்று எண்ணிப் பாருங்கள். டகோட்டாவின் தலைமுறை அறிந்திருந்த வானத்தை மீண்டும் அடைய நமக்கு நாற்பத்தாறு ஆண்டுகள் ஆயின. இத்தனைக்கும் அது 200 கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவு. எத்தனை நாடுகளுக்குப் பறக்கிறது என்றே விமான நிறுவனத்தின் வளர்ச்சியைக் கணக்கிடுகிறார்கள். பக்கத்து ஊருக்கு எத்தனை ஆண்டுகள் விடாமல் பறந்தது என்றும் யாராவது கணக்கிட வேண்டும். அடுத்த ஆண்டு வகுப்பில் நாம் அதே கேள்வியைக் கேட்கத்தான் போகிறோம். ஒரு மாணவராவது போய்வந்தேன் என்று சொல்லட்டும்.