மீன்தொட்டி மோட்டாருக்கு ரெகுலேட்டர் வந்த கதை



போன செமஸ்டர் லீவில் வீட்டில் ஒரு காரியம் செய்தேன். மீன்தொட்டி பம்ப் தண்ணீரை ரொம்ப வேகமாகத் தள்ளுகிறது, பாவம் மீன்கள் ஒரு மூலையிலேயே ஒதுங்கி நிற்கின்றனவே என்று, பரணில் கிடந்த பழைய சீலிங் ஃபேன் ரெகுலேட்டரை எடுத்து அதற்குப் போட்டேன். ஐந்திலிருந்து இரண்டுக்குத் திருப்பியதும் சத்தம் மாறியது. வேகம் குறைந்துவிட்டது என்று சந்தோஷமாகப் படுக்கப் போனேன். இரவில் எப்போதோ வோல்டேஜ் இறங்கியிருக்கிறது, பம்ப் நின்றுவிட்டது. காலையில் இரண்டு மீன்கள் மேலே மிதந்தன. தங்கை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஃபேனுக்குச் சரியாக வேலை செய்யும் ரெகுலேட்டர் பம்புக்கு ஏன் செய்யவில்லை? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் கதை நூற்றைம்பது வருடத்துக்கும் மேலே பின்னால் போகிறது!

1850-களில் இங்கிலாந்தில் மீன்தொட்டி மோகம் பிறந்தது. அப்போது தொட்டிக்குப் பம்ப் கிடையாது. ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், நீர்ச்செடியும் மீனும் சரியான அளவில் இருந்தால் தண்ணீரை மாற்றாமலே இரண்டும் வாழும் என்று 1850-ல் காட்டியிருந்தார். சின்னத் தொட்டிக்கு அது போதும். பெரிய காட்சிசாலைக்கு? அங்கேதான் வில்லியம் அல்ஃபோர்ட் லாயிட் வருகிறார். 1871-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் திறந்த மீன் காட்சிசாலையில் தண்ணீரை ஓடவிட்டுக்கொண்டே இருந்தார். நிலத்தடியில் இருட்டான பெரிய நீர்த்தேக்கம், மேலே கண்ணாடித் தொட்டிகள், இரண்டுக்கும் நடுவே நீராவியால் ஓடும் பம்ப். ஓடும் தண்ணீரில் காற்று கலக்கும், மீன் பிழைக்கும். நம் வீட்டு ஃபில்டர் வரைக்கும் இதே யோசனைதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நீராவி எஞ்சினின் வேகத்தைக் குறைப்பது சுலபம். வால்வைக் கொஞ்சம் மூடினால் போதும். மின்சாரம் வந்தபோதுதான் இந்த வசதி போனது!

டி.சி. மோட்டாரின் வேகத்தை மாற்ற முடியும், ஆனால் செலவு அதிகம். 1891-ல் ஹாரி வார்ட் லியோனார்ட் கண்டுபிடித்த முறையில் ஒரு மோட்டாரைக் கட்டுப்படுத்த இன்னொரு மோட்டாரும் ஒரு ஜெனரேட்டரும் வேண்டும். லிஃப்டுக்குச் சரி, மீன்தொட்டிக்கு? ஏ.சி. மோட்டாரோ (டெஸ்லாவின் காப்புரிமைகள் 1888) மலிவானது, உறுதியானது, ஆனால் அதன் வேகம் மின்சாரத்தின் அலைவெண்ணோடு கட்டப்பட்டது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இரண்டு துருவ மோட்டாரின் காந்தப்புலம் நிமிடத்துக்கு 3000 முறை சுற்றும்.

இங்கேதான் என் ரெகுலேட்டர் மாட்டிக்கொண்டது. சீலிங் ஃபேனில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். அதன் சுழலி காந்தப்புலத்துக்குச் சற்றுப் பின்தங்கித்தான் சுற்றும். வோல்டேஜைக் குறைத்தால் இன்னும் பின்தங்கும், ஃபேன் மெதுவாகும். சாதாரண மீன்தொட்டி பம்பில் இருப்பது நிரந்தரக் காந்தம் வைத்த சிங்க்ரனஸ் மோட்டார். அதற்குப் பின்தங்கவே தெரியாது. ஒன்று 3000-ல் சுற்றும், இல்லை நின்றுவிடும். வோல்டேஜைக் குறைத்தால் இழுக்கும் சக்திதான் குறைகிறது, வேகம் இல்லை. நான் கேட்ட சத்தம் மோட்டார் திணறிய சத்தம்!

ஆனாலும் அந்தப் பம்பைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அசையும் பாகம் ஒன்றே ஒன்று. சீல் கிடையாது, சுழலி தண்ணீருக்குள்ளேயே சுற்றும், அந்தத் தண்ணீரே குளிர்விக்கும், எண்ணெயும் அதுவே. வருடக்கணக்கில் ஓடும். (ஸ்டார்ட் ஆகும்போது எந்தப் பக்கம் சுற்றும் என்று அதற்கே தெரியாது. அதனால்தான் இறக்கைகள் வளைவில்லாமல் நேராக இருக்கின்றன.)

அப்படியானால் வேகத்தை மாற்ற ஒரே வழி அலைவெண்ணை மாற்றுவது. 1957-ல் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் தைரிஸ்டர் பிறந்தது. 1968-ல் டென்மார்க்கின் டான்ஃபாஸ் நிறுவனம் அலைவெண் மாற்றியைப் பெருமளவில் தயாரிக்க ஆரம்பித்தது. அதெல்லாம் தொழிற்சாலைக்கு. நம் தொட்டிக்கான விதை வேறு இடத்தில் விழுந்தது. 1962-ல் வில்சன், டிரிக்கி என்ற இருவர், டி.சி. மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷை எடுத்துவிட்டு அந்த வேலையை குறைகடத்திச் சாதனங்களுக்குக் கொடுக்கலாம் என்று கட்டுரை எழுதினார்கள். அதுதான் பிரஷ்லெஸ் மோட்டார். 1980-களில் நியோடிமியம் காந்தம் வந்தது, மோட்டார் சுருங்கியது. கம்ப்யூட்டருக்குள் சுற்றும் குட்டி ஃபேனும் இந்த ஜாதிதான்.

இதை மீன்தொட்டிக்குள் இழுத்து வந்தவர்கள் பவளம் வளர்ப்பவர்கள். கடலில் அலை போய்ப் போய் வரும், ஒரே சீராக அடிக்கும் நீரோட்டம் பவளத்துக்கு ஆகாது. 2000-களின் நடுவில் அமெரிக்காவில் வந்த வோர்டெக் பம்பில் மோட்டார் தொட்டிக்கு வெளியே, இறக்கை உள்ளே. கண்ணாடியைத் தாண்டிக் காந்தம் இழுக்கும். வேகத்தை ஏற்றி இறக்கி அலையே உண்டாக்கலாம்.

சரி, இப்போது வாங்கப் போகிறவர்களுக்கு. பாதி வேகத்துக்குப் பாதித் தண்ணீர் வரும் என்று நினைக்காதீர்கள். தண்ணீரின் அளவு வேகத்தைப் பொறுத்தது, ஆனால் ஏற்றும் உயரம் வேகத்தின் வர்க்கத்தையும், கரண்ட் செலவு கனத்தையும் பொறுத்தது. 70 சதவீத வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு கரண்ட்தான். ஆனால் 2 மீட்டர் ஏற்றும் பம்ப் அந்த வேகத்தில் 0.98 மீட்டர்தான் ஏற்றும். உங்கள் தொட்டி கீழ்ச் சம்ப்பிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருந்தால் மோட்டார் ஜோராகச் சுற்றும், ஒரு சொட்டு மேலே வராது! அதனால் பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கைவிட உயரக் கணக்கை முதலில் பாருங்கள்.

பழைய பம்பே இருந்தால் வெளிக்குழாயில் ஒரு வால்வு போடுங்கள், அது போதும். உறிஞ்சும் பக்கத்தை மட்டும் அடைக்காதீர்கள், உள்ளே குமிழ் உண்டாகி இறக்கை கெடும்.

நான் கடைசியில் 12 வோல்ட் பிரஷ்லெஸ் பம்ப் ஒன்று வாங்கினேன். அதன் கண்ட்ரோலரைக் குறைத்தால் நிஜமாகவே மெதுவாகிறது. கரண்ட் போனால் பேட்டரியிலும் ஓடும் என்பதைத் தங்கையிடம் இரண்டு தடவை செய்து காட்ட வேண்டியிருந்தது. ரெகுலேட்டர் பரணுக்கே போய்விட்டது.