ஊழியர் பேச்சை எண்ணிய கதை



உங்களில் பலர் வேலை பார்க்கும் கம்பெனிகளில் ஊழியர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ள ஸ்லாக், டீம்ஸ் போன்ற தளங்கள் உண்டு. அங்கே எழுதும் சொற்களைக் கணினியால் எண்ணி, யாருக்கு வேலையில் ஈடுபாடு இருக்கிறது என்று கணிக்கும் முறைகளும் வந்துவிட்டன. இந்த ஆசைக்கு ஏறக்குறைய நூறு வயது.

அமெரிக்காவில் சிகாகோவை ஒட்டி ஹாதார்ன் என்ற பெரிய தொழிற்சாலை இருந்தது. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் அங்கே தொலைபேசிக் கருவிகள் செய்தது. 1928 முதல் 1930 வரை அந்த நிறுவனம் தன் ஊழியர்களில் 21,000 பேருக்கு மேல் பேட்டி கண்டது. முதலில் கேள்விப் பட்டியலோடு போனார்கள். தொழிலாளர்களோ கேட்டதை விட்டுவிட்டு மனதில் இருந்ததைப் பேசினார்கள். அதனால் 1929-ல் பட்டியலை ஒதுக்கிவிட்டு, அவர்கள் போக்கிலேயே பேசவிட்டார்கள். பேசியவர் பெயர் வெளியே போகாது என்று உறுதியும் தந்தார்கள்.

பேசியதை எழுதி, தலைப்பு வாரியாகப் பிரித்து, நிறை எத்தனை, குறை எத்தனை என்று எண்ணினார்கள். அங்கேதான் சிக்கல். ஒரு பெண்ணுக்குத் தன் மேற்பார்வையாளரைப் பிடிக்கவில்லை. பேசப் பேச, அவர் தான் வெறுத்த மாற்றாந்தந்தையின் சாயலில் இருப்பதுதான் காரணம் என்று அவளுக்கே விளங்கியது. கணக்கில் அது மேற்பார்வையாளர் மேல் ஒரு குறை, அவ்வளவுதான்.

1990களில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியல் பேராசிரியர், எழுத்தில் உள்ள சொற்களை வகை பிரித்து எண்ணும் கணினி நிரலைத் தன் குழுவினரோடு உருவாக்கினார். ‘நான்’, ‘நாம்’ போன்ற சின்னச் சொற்களும் அதில் எண்ணப்பட்டன. ‘வீ’ என்ற ஆங்கிலச் சொல் அதிகம் வந்தால் ஒற்றுமை அதிகம் என்று எடுத்துக்கொள்வது எளிது. ஆனால் தமிழ் படித்த நமக்கு ஒரு சந்தேகம் வர வேண்டும். “நாம் இதை முடித்துவிடலாம்” என்பவர் முதலாளியையும் சேர்த்துக்கொள்கிறார். “நாங்கள் எத்தனை நாள் பொறுப்பது?” என்பவர் அவரை வெளியே நிறுத்துகிறார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் அதே ‘வீ’தான். சொல்லை மட்டும் எண்ணினால் கோபமும் ஈடுபாடாகத் தெரியலாம்.

வேலையில் ஈடுபாடு என்பதை ஆய்வுப் பொருளாக்கியவர் வில்லியம் கான். 1990-ல் வந்த அவருடைய கட்டுரை அதற்கு மூன்று நிலைகளைச் சொல்கிறது: செய்யும் வேலையில் பொருள் இருக்க வேண்டும்; அதற்குத் தரத் தன்னிடம் தெம்பு இருக்க வேண்டும்; உள்ளதைக் காட்டினால் தனக்குக் கெடுதல் வராது என்ற நம்பிக்கை இருக்க வேண்டும்.

இந்த மூன்றாவதை யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு சொல்லும் எண்ணப்படுகிறது என்று தெரிந்தால் ஊழியர் மனதில் உள்ளதை எழுதுவாரா, மதிப்பெண் வாங்கித் தரும் சொல்லை எழுதுவாரா? ஈடுபாட்டை அளக்கப் போய், அது வளரும் மண்ணையே கெடுத்துவிடக் கூடாது. ஹாதார்னில் மக்கள் வாய் திறந்ததற்கு, பெயர் காக்கப்படும் என்ற உறுதியும் ஒரு காரணம்.

உங்களில் குழுவை நடத்தும் பொறுப்பில் இருப்பவர்கள், அறிக்கையில் வரும் எண்ணைப் பார்த்ததோடு நிற்காமல் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள். உங்கள் அலுவலகத்தில் எப்படி என்று கீழே எழுதுங்கள்.