செங்கல் கணக்கும் இயற்கணிதமும்



12 ஆட்கள் ஒரு சுவரை 10 நாட்களில் கட்டி முடித்தால், 8 ஆட்கள் அதே சுவரை எத்தனை நாட்களில் கட்டுவார்கள்? இந்தக் கணக்கைத் தொடாமல் நம்மில் யாரும் நடுநிலைப் பள்ளியைத் தாண்டியிருக்க முடியாது. விடை 15. அந்த ஆட்களுக்குக் கூலி எவ்வளவு, சுவர் யாருடையது, மீதி நான்கு பேர் எங்கே போனார்கள் என்று கணக்கு கேட்காது. பல வீடுகளுக்கு 'ஆள்' என்பது பாடப்புத்தகத்துச் சொல். நம் வீடுகளில் அது அப்பாவும் சித்தப்பாவும்.

நினைவுரையில் போய் பள்ளிக்கூடக் கணக்கா என்று சிலர் நினைக்கலாம். உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கு எந்தக் கணக்கை, எதுவரை சொல்லித்தருவது என்பது அரசியல் கேள்வி. அதை ஆசிரியர்களை உருவாக்கும் இடத்தில்தான் முதலில் தீர்மானிக்கிறார்கள். இந்தக் கேள்வியோடு நூறாண்டுக்கும் மேலாக மல்லுக்கட்டியவர்கள் அமெரிக்கக் கருப்பின மக்கள். அவர்கள் வரலாற்றிலிருந்து தொடங்குவோம்.

அடிமைகளுக்கு எழுத்து சொல்லித்தருவதைத் தென்மாநிலங்கள் பலவும் சட்டம்போட்டுத் தடுத்திருந்தன. 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்தது. 1868இல் வர்ஜீனியாவில் ஹாம்ப்டன் கல்விக்கூடம் தொடங்கியது. கருப்பின ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதே அதன் முதன்மையான வேலை. அடிமையாகப் பிறந்து ஹாம்ப்டனில் படித்த புக்கர் டி. வாஷிங்டன், 1881இல் அலபாமாவின் டஸ்கீகியில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியை நடத்த வந்தார். கட்டடம் வேண்டும், பணமில்லை. மாணவர்களே செங்கல் அறுத்தார்கள். மூன்று சூளைகள் வீணாயின. தன் கடிகாரத்தைப் பதினைந்து டாலருக்கு அடகு வைத்துத்தான் வாஷிங்டன் நான்காவது சூளையை மூட்டினார். அது வெந்தது.

அந்தச் சூளை வகுப்பறைக்குள்ளும் வந்தது. ஏட்டுப் பாடம் நடத்துபவர்கள் பட்டறைக்கும் வயலுக்கும் போய்க் கணக்குகளை எடுத்து வரவேண்டும் என்று வாஷிங்டன் வற்புறுத்தினார். இத்தனை அடிச் சுவருக்கு எத்தனை கல், இந்தப் பலகையில் எத்தனை சட்டம் என்று. இதை எள்ளி ஒதுக்க நமக்கு மனமில்லை. மண்ணைப் பிசைந்த கைக்குள் கணக்கு இருக்கிறது என்று ஓர் ஆசிரியருக்குச் சொல்லிக்கொடுத்தது சிறிய காரியமல்ல. ஆனால் நன்கொடை தந்த வெள்ளைச் செல்வந்தர்கள் பலருக்கு இந்த முறை பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. செங்கல் கணக்கு செங்கலோடு நின்றுகொள்ளும். அதற்கு மேல் ஏறிவராது.

1903இல் டு பாய்ஸ் இந்த இடத்தில்தான் கைவைத்தார். உயர்கல்வி தந்த கருப்பினக் கல்லூரிகளில் பயின்றவர்களோ, அவர்களிடம் பயின்றவர்களோ இல்லாவிட்டால் டஸ்கீகியே ஒருநாள்கூட நடக்காது என்று சுட்டிக்காட்டினார். தொழிற்கணக்கை நன்றாக நடத்தவே தொழிற்கணக்குக்கு அப்பால் படித்த ஆசிரியர் வேண்டும். மாணவருக்கு உச்சவரம்பு வைப்பவர்கள் அடுத்த தலைமுறை ஆசிரியருக்கும் சேர்த்தே வைக்கிறார்கள்.

இது நமக்கு அந்நியக் கதையல்ல. 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியும், நூற்பு போன்ற கைத்தொழிலை நடுவில் வைத்துக் கணக்கு உட்பட எல்லாப் பாடங்களையும் நடத்தச் சொன்னது. 1953இல் ராஜாஜி பள்ளி நேரத்தை மூன்று மணி நேரமாகச் சுருக்கி, மீதிப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றார். குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். 1954இல் அது கைவிடப்பட்டது. சாதி தொழிலைப் பிறப்போடு கட்டிப்போட்ட மண்ணில் 'தொழில்வழிக் கல்வி' என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு உடம்பு சிலிர்ப்பது நியாயம்தான். அதற்கு முன்பும் கதை இதுவே. ஊர் நிலத்தை அளக்கையில் கோலும் கயிறும் வெட்டியான் கையில், ஏடு கணக்குப்பிள்ளை கையில். அளந்தவர் ஒருவர், எழுதியவர் இன்னொருவர்.

அப்படியானால் உழைப்பையும் அனுபவத்தையும் வகுப்பறை வாசலிலேயே நிறுத்திவிட வேண்டுமா? இங்கேதான் பாப் மோசஸை நினைத்துக்கொள்கிறோம்.

1935இல் ஹார்லெமில் பிறந்தவர், கணக்கு ஆசிரியர். 1961 முதல் மிசிசிப்பியில் கருப்பின மக்களை வாக்காளர்களாகப் பதியவைக்கப் போராடியவர். அங்கே பதிவு செய்யப் போனால் மாநில அரசமைப்புச் சட்டத்தின் ஒரு பகுதியைக் காட்டி விளக்கம் எழுதச் சொல்வார்கள். விளக்கம் சரியா என்பதைப் பதிவாளரான வெள்ளையர் முடிவுசெய்வார். பள்ளியைக் கெடுத்துவைத்தவர்களே, உனக்குப் படிப்பில்லை, ஆகவே வாக்கில்லை என்றார்கள். பிறகு தான்சானியாவில் சில ஆண்டுகள் கணக்கு நடத்திவிட்டுத் திரும்பிய மோசஸ், 1982இல் தன் மகளின் பள்ளியில் இயற்கணிதம் சொல்லித்தரத் தொடங்கினார். எட்டாம் வகுப்பில் இயற்கணிதம் கிடைத்த பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளியில் கல்லூரிக்குப் போகும் கணக்குப் பாதை திறந்தது. கிடைக்காதவர்களில் பெரும்பாலோர் கருப்பர், ஏழைகள். மிசிசிப்பியில் வாக்கு எதுவோ, கணினிக் காலத்தில் இயற்கணிதம் அது என்றார். அப்படிப் பிறந்ததுதான் 'அல்ஜீப்ரா புராஜெக்ட்'.

அவருடைய முறை எளியது. பிள்ளைகளை நகர ரயிலில் ஏற்றுவார். வந்து பயணத்தைப் படமாக வரைய வேண்டும், பிறகு தங்கள் சொந்தப் பேச்சில் சொல்ல வேண்டும், அந்தப் பேச்சிலிருந்து புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், திசை, எத்தனை நிலையம் என்று பிரித்தெடுக்க வேண்டும், கடைசியில்தான் குறியீடு. அதுவரை பிள்ளைகளின் கணக்கில் 'எத்தனை' என்ற கேள்வி மட்டுமே இருந்தது. 'எந்தப் பக்கம்' என்ற கேள்வி சேர்ந்த இடத்தில் குறை எண் பிறக்கிறது. ஒரு நிலையத்தை நடுவாக வைத்துக்கொண்டால், இந்தப் பக்கம் மூன்று நிலையமும் அந்தப் பக்கம் மூன்று நிலையமும் ஒன்றல்ல.

ஆசிரியர் பயிற்சியும் இதே வழியில்தான். ஆசிரியர்களே ரயிலேறி, படம் வரைந்து, தடுமாறி, மாணவர்களாக அதைக் கடக்க வேண்டும். 1990களில் இந்த வேலை மிசிசிப்பி டெல்டாவுக்குப் போனது. முன்னாள் போராட்டத் தோழர் டேவ் டென்னிஸ் தென்பகுதிப் பணிக்குப் பொறுப்பேற்றார். 1996இல் மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குக் கணக்கு சொல்லித்தரத் தங்களுக்கென்று ஓர் அமைப்பையே தொடங்கிவிட்டார்கள். மோசஸ் 2021இல் மறைந்தார்.

டஸ்கீகியின் சூளையும் மோசஸின் ரயிலும் அனுபவத்திலிருந்துதான் தொடங்குகின்றன. ஒன்று தொடங்கிய இடத்துக்கே திரும்பிவருகிறது. மற்றது இறங்கி வேறெங்கோ நடக்கிறது.

இதை நாங்கள் படித்துத் தெரிந்துகொண்டதைவிடச் சறுக்கித் தெரிந்துகொண்டதே அதிகம். சேரியில் மாலை வகுப்பு நடத்தியபோது தன்னார்வலர்களுக்கு நாங்களே பயிற்சி கொடுத்தோம். 'வாழ்க்கையோடு இணைத்து நடத்துங்கள்' என்றோம். எங்கள் எடுத்துக்காட்டுகளைப் பின்னால் புரட்டிப் பார்த்தால் எல்லாம் கூலிக் கணக்கு, ரேஷன் கணக்கு, கடன் கணக்கு. இந்தப் பிள்ளைகளுக்கு இது போதும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவைப்படவில்லை.

ஒருநாள் பித்தாகரஸ் தேற்றம். மகளை அழைத்துப்போக வந்த கொத்தனார் ஒருவர் கரும்பலகையைப் பார்த்துவிட்டு, "இது நாங்க மூலைமட்டம் பாக்குறது சார்" என்றார். வீட்டுக்கு நூல் கட்டும்போது ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நாலடி குறிப்பார்கள். குறுக்கே ஐந்தடி வந்தால் மூலை சரி. பெரிய வீட்டுக்கு ஆறு, எட்டு, பத்து. அவரையே நூல் பிடிக்கச் சொன்னோம். பிள்ளைகள் கைதட்டினார்கள். அன்றைய வகுப்பு வெற்றி என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டோம்.

அவர் மகள் மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். "நாலு, அஞ்சு, ஆறு வச்சா ஏன் சார் வராது? வேற எந்த எண்ணெல்லாம் வரும்?" என்று கேட்டாள். தன்னார்வலர் எங்களைப் பார்த்தார். நாங்கள் கொத்தனாரைப் பார்த்தோம்.

அடுத்த ஞாயிறு பயிற்சியில் அந்தக் கேள்வியைத்தான் முதலில் எழுதிப்போட்டோம். அன்று மதியம்வரை வேறெதுவும் நடத்தவில்லை. 5, 12, 13ஐ ஒருவர் கண்டுபிடித்தார். ஏன் என்று விளக்கப் பதினொரு மணிக்குக் கரும்பலகையில் முதல் எழுத்தாக n விழுந்தது.