வரி போன வழியும் குரல் போகாத வழியும்: சென்னைச் சட்ட சபையின் அமைப்பும் சேலம் ஜில்லாவும், 1861–1901

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணச் சட்ட சபை எப்படி அமைந்திருந்தது என்று ஆராய்வோர் பெரும்பாலும் தலைகளை எண்ணுகிறார்கள். இந்தியர் எத்தனை பேர், வக்கீல்கள் எத்தனை பேர், ஜமீன்தார்கள் எத்தனை பேர் என்பது அந்தக் கணக்கு. அது தேவையான கணக்குதான். ஆனால் உட்கார்ந்தவர் யார் என்று மட்டுமே அது சொல்லும். அவர் எந்த வழியாக வந்தார், யார் அனுப்பி வந்தார், யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்தார் என்பதைச் சொல்லாது.

இக்கட்டுரை அந்தச் சபையைப் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து பார்க்காமல் வெண்ணந்தூரிலிருந்து பார்க்கிறது. உழவையும் தறியையும் நம்பிய ராசிபுரம் வட்டாரத்து ஊர் அது. அன்று சேலம் ஜில்லா, இன்று நாமக்கல் மாவட்டம். இப்படிப்பட்ட ஓர் ஊரிலிருந்து வரி கஜானாவுக்குப் போன பாதை நேரானது. அதே ஊரின் குரல் சபைக்குப் போக வேண்டிய பாதையோ நான்கு இடங்களில் அடைபட்டிருந்தது. அந்த நான்கு அடைப்புகளே சபையின் உண்மையான அமைப்பு என்பது இங்கே முன்வைக்கப்படும் வாதம்.

1861: கவர்னரின் விரிந்த ஆலோசனைக் குழு

1861ஆம் ஆண்டின் இந்தியக் கவுன்சில்கள் சட்டம் சென்னைக்குச் சட்டமியற்றும் அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தது. கவர்னரின் நிர்வாகக் குழுவோடு அட்வகேட் ஜெனரலும், நான்கிலிருந்து எட்டுப் பேர் வரை கூடுதல் உறுப்பினர்களும் சேர்ந்தால் அதுவே சட்ட சபை. கூடுதல் உறுப்பினர்களில் பாதிப் பேராவது சர்க்கார் உத்தியோகத்தில் இல்லாதவர்களாக இருக்க வேண்டும். பதவிக் காலம் இரண்டு ஆண்டு. எல்லோரையும் நியமித்தவர் கவர்னர். சபைக்குத் தலைமை தாங்கியவரும் அவரே.

இந்த வழியாக முதலில் நுழைந்த இந்தியர் வி. சடகோபாச்சார்லு. அவருக்குப் பின் 1863இல் காஜுலு லட்சுமிநரசு செட்டி வந்தார். சென்னைச் சுதேசிகள் சங்கத்தை நடத்தியவர் அவர். ரயத்துவாரி வசூலின் கொடுமைகளையும், தறி முதலான தொழில்களின் மேல் விழுந்த மோதர்பா வரியையும் எடுத்துச் சொல்லி 1852இல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு அந்தச் சங்கம் மனு அனுப்பியிருந்தது. நெசவாளியின் சுமையை அறிந்த ஒருவர் சபைக்குள் இருந்தார் என்று இதனால் சொல்லலாம். ஆனால் அந்தச் சுமையைப் பற்றி அவர் தாமாக ஒரு கேள்வி எழுப்ப விதி இடம் தரவில்லை. முன்வைக்கப்பட்ட மசோதாவைத் தவிர வேறெதையும் அங்கே பேசக் கூடாது. வரவு செலவுக் கணக்கும் சபைக்கு வரவில்லை.

இந்தக் கட்டுப்பாட்டின் விலை 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் தெரிந்தது. மாகாணத்திலேயே மிகக் கொடுமையாக அடிபட்ட ஜில்லாக்களில் சேலம் ஒன்று. 1871 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 19.7 லட்சமாக இருந்த ஜில்லாவின் மக்கள்தொகை 1881இல் 16 லட்சத்துக்கு இறங்கியது. இவ்வளவு பெரிய அழிவு நடந்தபோதும், தானியம் எங்கே போனது, நிவாரண வேலைக்குக் கூலி ஏன் குறைந்தது என்று கேட்கும் உரிமை மாகாணச் சட்ட சபையில் ஒருவருக்கும் கிடையாது. ஆனால் பஞ்சத்தின் சுவடு ஆறுமுன், 1878இல், வணிகத்தின் மேலும் தொழிலின் மேலும் லைசென்ஸ் வரி போடும் சட்டம் அதே சபையில் நிறைவேறியது. வரி போட அதிகாரம் உண்டு, கேட்க அதிகாரம் இல்லை என்பதே 1861 சபையின் சுருக்கம்.

1892: சிபாரிசு என்ற ஏற்பாடு

1884இல் தோன்றிய சென்னை மகாஜன சபையும், மறு ஆண்டு பிறந்த காங்கிரஸும் முதன்மையாகக் கேட்டது சட்ட சபைச் சீர்திருத்தத்தைத்தான். 1887இல் காங்கிரஸ் சென்னையில் கூடியபோது எம். வீரராகவாச்சாரியார் எழுதிய தமிழ் வினா விடை நூல், பிரதிநிதி சபை என்றால் என்ன என்பதைச் சாதாரண மக்களுக்கு விளக்கியது. அந்த மாநாட்டுக்காக ஓரணா முதல் ஒன்றரை ரூபாய் வரை கொடுத்தவர்கள் சுமார் 8,000 பேர். அந்தச் சில்லறை 5,500 ரூபாய் சேர்ந்தது. பிரதிநிதித்துவ ஆசை பட்டணத்து வக்கீல்களோடு நின்றுவிடவில்லை என்பதற்கு இது சான்று.

அந்த ஆசைக்கு 1892ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த பதில் அளந்து கொடுத்தது. சென்னைச் சபையின் கூடுதல் உறுப்பினர் எண்ணிக்கை 20 வரை உயர்ந்தது. அவர்களில் உத்தியோகஸ்தர் ஒன்பது பேருக்கு மேல் கூடாது. ஏழு இடங்களுக்கு வெளி அமைப்புகள் பெயர் சொல்லலாம்: சென்னை நகராட்சி ஒன்று, முனிசிபாலிட்டிகள் இரண்டு, ஜில்லா போர்டுகள் இரண்டு, பல்கலைக்கழகம் ஒன்று, வணிகர் சங்கம் ஒன்று. மீதியைக் கவர்னர் தம் விருப்பப்படி நிரப்பினார். தேர்தல் என்ற சொல்லே சட்டத்தில் இல்லை. அமைப்புகள் சிபாரிசு செய்யும், கவர்னர் நியமிப்பார். கேள்வி கேட்கவும் வரவு செலவைப் பற்றிப் பேசவும் இப்போது உரிமை வந்தது. வாக்களித்து அதை மாற்ற உரிமை வரவில்லை.

இதற்குப் பின்னால் ஒரு கொள்கை இருந்தது. இந்தியா தனி மனிதர்களால் ஆனதல்ல, நிலம், வணிகம், கல்வி, நகரம் என்ற நலன்களால் ஆனது என்று ஆட்சியாளர் கருதினர். நலனுக்கு இடம் கொடுத்தால் போதும், ஆளுக்கு வாக்கு வேண்டாம் என்பது அதன் முடிவு. இந்தக் கொள்கை சேலத்துக்கு எவ்வளவு பொருந்தாதது என்பதைக் கவனிக்க வேண்டும். 1792க்குப் பின் கம்பெனி அதிகாரிகளான ரீடும் மன்றோவும் பாரமகால் பகுதியில் ரயத்துவாரியை வளர்த்த மண் இது. சர்க்காருக்கும் குடியானவருக்கும் நடுவில் ஆளில்லாமல் நேரே பட்டா கொடுத்து நேரே தீர்வை வாங்குவது அந்த முறை. வரி கேட்கும்போது ஒவ்வொரு பட்டாதாரரையும் பெயர் சொல்லி அறிந்திருந்த சர்க்கார், பிரதிநிதித்துவம் என்றதும் அவரைத் தனி ஆளாகக் காண மறுத்தது.

நான்கு அடைப்புகள்

ஓர் உதாரணம். ஆண்டுக்கு 16 ரூபாய் தீர்வை கட்டும் ஒரு பட்டாதாரரை எடுத்துக்கொள்வோம். மணியக்காரர் கிஸ்தி வசூலிப்பார், கணக்குப்பிள்ளை பதிவார். ஸ்தல நிதிக்காக 1871 முதல் தீர்வையோடு சேர்த்து நில மேல்வரி வேறு உண்டு. அதன் உச்சம் ரூபாய்க்கு ஓரணா. அந்த உச்ச வீதத்தில் 16 ரூபாய்க்கு 16 அணா, அதாவது இன்னும் ஒரு முழு ரூபாய். சாலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போன பணம் அது.

அந்த ரூபாயைச் செலவழித்த அமைப்புகள்தான் சபைக்கு ஆள் அனுப்பும் உரிமையும் பெற்றன. 1884 ஸ்தல ஸ்தாபனச் சட்டப்படி கீழே தாலுகா போர்டு இருந்தது. அதற்குத் தேர்தல் வைக்கச் சட்டம் இடம் கொடுத்தும், சர்க்கார் பெரும்பாலும் நியமனத்தையே நம்பியது. இது முதல் அடைப்பு. தாலுகா போர்டுகளுக்கு மேலே ஜில்லா போர்டு. அதன் தலைவர் கலெக்டர். தீர்வை வாங்குபவரே பிரதிநிதி அமைப்புக்கும் தலைமை தாங்கினார். இது இரண்டாவது. மாகாணத்தின் ஜில்லா போர்டுகள் அத்தனைக்கும் சேர்த்து இரண்டே இடங்கள் என்பதால் பல ஜில்லாக்கள் ஒரு குழுவாகக் கட்டப்பட்டன. சேலத்துக்கென்று தனி இடம் கிடையாது. இது மூன்றாவது. குழு சொன்ன பெயரும் சிபாரிசுதான். நியமனம் கவர்னர் கையில். இது நான்காவது.

பட்டாதாரருக்காவது இந்த ஏணியின் கீழ்ப்படி கண்ணில் தெரிந்தது. பட்டா இல்லாத நெசவாளிக்கும் பண்ணையாளுக்கும் ஏணியே இல்லை. நலன்களின் பட்டியலில் ஐரோப்பிய வணிகர் கூடிய சங்கத்துக்கு இடம் இருந்தது, தறிக்கு இல்லை.

ஓர் எதிர்வாதம்: விஜயராகவாச்சாரியார்

இத்தனை அடைப்பு இருந்தும் நல்லவர்கள் வரவில்லையா என்று கேட்கலாம். சேலமே அதற்குப் பெரிய உதாரணம். சேலம் சி. விஜயராகவாச்சாரியார் 1895இல் சபைக்கு வந்து 1901 வரை இருந்தார். பின்னாளில், 1920இல், நாகபுரி காங்கிரஸுக்குத் தலைமை தாங்கியவர்.

ஆனால் அவருடைய பலம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் எதிர்வாதம் நிற்கவில்லை. 1882 சேலம் கலவர வழக்கில் அவர் மேல் குற்றம் சாட்டிப் பத்தாண்டுத் தண்டனை விதித்தார்கள். உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதோடு அவர் நிற்கவில்லை. அந்தக் கலவரத்தைக் காரணம் காட்டிச் சேலம் முனிசிபாலிட்டியில் தம் இடத்தைப் பறித்தது தவறு என்று இந்தியாவுக்கான பிரிட்டிஷ் மந்திரியையே எதிர்த்து வழக்காடி, 100 ரூபாய் நஷ்ட ஈடு பெற்றார். தொகை சிறியது, அது நிலைநாட்டிய கருத்து பெரியது. ஓர் உறுப்பினரின் இடம் சர்க்கார் நினைத்தால் கொடுத்து நினைத்தால் எடுக்கும் சலுகை அல்ல, அது சட்டம் காக்கும் உரிமை என்பதே அது. நீதிமன்றமும் பத்திரிகையும் காங்கிரஸ் மேடையும் வளர்த்த மனிதர் அவர். சபை அவரை உருவாக்கவில்லை. அவரைப் போன்றவர்கள்தான் கேள்வி கேட்கும் சிறு உரிமையைப் பிடித்துக்கொண்டு சபைக்கு மதிப்பு உண்டாக்கினார்கள். ஒரு தனி மனிதரின் துணிவை அமைப்பின் சிறப்பாகக் கணக்கெழுதுவது நியாயமாகாது.

முடிவுரை

1909 சீர்திருத்தம் இடங்களைப் பெருக்கியது. ஊர் மக்கள் நேரடியாக வாக்களிக்கும் வழியைத் திறக்கவில்லை. கிராமத்துப் பட்டாதாரர் கையில் நேரடி வாக்கு வந்தது 1920 தேர்தலில்தான், அதுவும் ஒரு சொத்துத் தகுதியின் பேரில். அப்போதும் நலன்களின் கொள்கை சாகவில்லை: திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன்தார் ப. சுப்பராயன் நிலவுடைமையாளருக்கென ஒதுக்கிய தொகுதி வழியே சபைக்கு வந்து, 1926இல் முதலமைச்சரும் ஆனார்.

ஆகவே அக்காலச் சபையின் வரலாற்றை உறுப்பினர் பட்டியலோடு முடித்துவிடக் கூடாது. தாலுகா போர்டு நியமனங்கள், ஜில்லா போர்டுக் கூட்டக் குறிப்புகள், ஸ்தல நிதிக் கணக்குகள் ஆகியவற்றை ஊர் ஊராகப் படித்தால்தான், யார் கட்டிய பணத்தில் யார் பேசினார்கள் என்பது தெளியும். ஒரு சட்ட சபை யாருடையது என்பதைத் தீர்மானிப்பது, அதற்கு வரி கட்டுகிறவர் அதில் இருப்பவரை அனுப்பவும் திருப்பி அழைக்கவும் முடிகிறதா என்ற ஒன்றே. அந்த அளவுகோலில் 1861 முதல் 1901 வரை சென்னைச் சட்ட சபை சேலம் ஜில்லாவின் பணத்தில் நடந்தது. சேலம் ஜில்லாவின் சபையாக ஒரு நாளும் இருக்கவில்லை.