எங்கள் முன்னோருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

"பால்பொடிக்கும் கோதுமைக்கும் மதம் மாறியவர்கள்." குலசேகரம் பகுதியில் சாம்பவர் குடும்பங்களில் பிறந்து சபையில் வளர்ந்த நாங்கள் கேட்டுப் பழகிய ஏச்சு இது. வெளியே இருப்பவர்கள் இதை உரக்கச் சொல்வார்கள். சபைக்கு உள்ளே இருப்பவர்களில் சிலர் மெதுவாகச் சொல்வார்கள். கோபப்பட்டுப் பயனில்லை. வரலாற்றைக் கொண்டே பதில் சொல்வோம்.

1956 நவம்பர் 1 அன்று தமிழ் மாநிலத்தோடு இணைவதற்கு முன்பு இது திருவிதாங்கூர் மண். பறையரும் புலையரும் இங்கே நிலத்தைப் போல விற்கப்பட்டார்கள், அடகு வைக்கப்பட்டார்கள். அரசுக்கும் கோயிலுக்கும் கூலியில்லா ஊழியம் செய்வது ஒடுக்கப்பட்ட சாதிகள் அனைத்தின் தலையிலும் சுமத்தப்பட்டிருந்தது. குலசேகரத்துக்குப் பக்கத்தில்தான் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் இருக்கிறது. 1936 நவம்பர் 12 அன்று கோயில் நுழைவுப் பிரகடனம் வரும்வரை அங்கே எங்களுக்கு இடமில்லை. "இந்து மதத்தை விட்டு ஏன் போனீர்கள்?" என்று கேட்பவர்களிடம் நாங்கள் திருப்பிக் கேட்கிறோம்: எந்த வாசல் வழியாக எங்களை உள்ளே விட்டிருந்தீர்கள், நாங்கள் வெளியே போவதற்கு?

இந்த மாவட்டத்தின் சீர்திருத்தச் சபைகளின் கதை கிழக்கே மயிலாடியில் தொடங்குகிறது. அதைத் தொடங்கியவர் வெள்ளைக்காரர் அல்ல, மகாராசன் என்ற சாம்பவர். சிதம்பரத்துக்கு யாத்திரை போய்த் திரும்பும் வழியில் தஞ்சாவூர் கிறிஸ்தவர்களைச் சந்தித்தார். அங்கேயே ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊருக்கு வந்தார். தன் ஊருக்கு ஒரு போதகர் வேண்டும் என்று கேட்டவரும் அவரே. அந்த அழைப்பின் பேரில்தான் இலண்டன் மிஷனைச் சேர்ந்த ஜெர்மானியர் ரிங்கல்தௌபே 1806இல் திருவிதாங்கூருக்குள் வந்தார். 1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. 1816இல் ரிங்கல்தௌபே போன பிறகு, சார்லஸ் மீட் 1818இல் வந்து சேரும்வரை சபையை நடத்தியவர் வேதமாணிக்கம். அதாவது, எங்களை யாரும் சபைக்குள் "அனுமதிக்கவில்லை". முதலில் கதவைத் திறந்தவர் எங்களவர்.

வந்தவர்கள் எதற்காக வந்தார்கள்? உலக நன்மைக்காக வருகிறார்களோ என்று ரிங்கல்தௌபேயே சந்தேகப்பட்டார். அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. ரெசிடெண்ட் மன்றோ காலத்தில், 1815 அளவில், கிறிஸ்தவர்களை ஞாயிற்றுக்கிழமை ஊழியத்துக்கு அழைக்கக் கூடாது, கோயில் வேலைகளுக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசு விலக்கு அளித்தது. ஆண்டு முழுவதும் பிறருக்கே உழைத்த மனிதருக்கு ஏழு நாளில் ஒரு நாள் தன்னுடையதாகக் கிடைத்தது. எங்கள் முன்னோருக்குச் சபை என்றால் முதலில் அந்த நாள்தான்.

இது மலிவான நோக்கமா? யாத்திராகமத்தைத் திறந்து பாருங்கள். மோசே பார்வோனிடம் முதலில் கேட்டது என்ன? ஆண்டவரை வழிபட மூன்று நாள். பார்வோன் அந்த மக்களைச் சோம்பேறிகள் என்று ஏசி, செங்கல் வேலையை இன்னும் கடுமையாக்கினான். இஸ்ரவேலர் ஓய்வுக்காகக் கடவுளைத் தேடினார்கள் என்று எந்தப் போதகராவது இழிவாகப் பிரசங்கம் செய்திருக்கிறாரா? அவர்களுக்கு விடுதலையாக இருப்பது எங்களுக்கு மட்டும் எப்படிப் பால்பொடியாகிறது?

அந்த ஒரு நாளால் எல்லாம் மாறிவிடவில்லை. 1847இல் மிஷனரிகள் அடிமைகளை விடுவிக்கக் கோரி மகாராஜாவுக்கு மனு கொடுத்தார்கள். அடிமைமுறை சட்டப்படி ஒழிய 1855 வரை ஆனது. சட்டம் ஒழித்த பிறகும் பண்ணையார் ஒழியவில்லை.

சாதியும் ஒழியவில்லை, சபைக்குள்ளேயும். வேதமாணிக்கம் ஞானஸ்நானம் பெற்ற அதே தஞ்சாவூர் மிஷனில் வெள்ளாளரும் பறையரும் தனித்தனியே உட்கார்ந்தார்கள். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபையில் சாதி வேறுபாடு கூடாது என்று ஆணையிட்டபோது வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, நாம் இன்றும் பாடும் கீர்த்தனைகளை எழுதிய வேதநாயகம் சாஸ்திரியார் சாதி வழக்கங்களுக்கு ஆதரவாக எழுதியிருந்தார். கிறிஸ்துவை விட்டாலும் விடுவோம், வரிசையை விடமாட்டோம் என்பதுதான் அவர்கள் சொன்ன செய்தி.

இங்கே தெற்குத் திருவிதாங்கூரில் சார்லஸ் மீட் 1850களின் தொடக்கத்தில் ஒரு பறையர் குலக் கிறிஸ்தவப் பெண்ணை மணந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த மிஷனை விட்டு அவர் விலக நேர்ந்தது. ஞானஸ்நானம் கொடுக்கலாம், மணம் முடிக்கக் கூடாது! வடக்கே இரவிப்பேரூரில் பறையர் குலத்தில் பிறந்த பொய்கையில் யோகன்னான் முதலில் மார்த்தோமா சபையிலும் பின்பு பிரதரன் சபையிலும் இருந்து பார்த்தார். இரண்டிலும் சாதி இருந்தது. 1909 வாக்கில் பிரத்யட்ச ரட்சா தெய்வ சபை என்று தனிச் சபையே கண்டார். அவர் வெளியேறியது விசுவாசக் குறைவால் அல்ல, மரியாதைக் குறைவால்.

சபை பாதி இடம் தந்தது. அரசோ இருந்த இடத்தையும் பறித்தது. 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே. மதத்தைப் பார்க்கக் கூடாது என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. 2022இல் பாலகிருஷ்ணன் ஆணையத்தை அமைத்தார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2024 நவம்பரில் செல்வராணி வழக்கில், சபைக்குப் போய்க்கொண்டே பட்டியல் சாதிச் சான்று கேட்பதை அரசியலமைப்பின் மீதான மோசடி என்றது உச்ச நீதிமன்றம்.

2011 கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் கிட்டத்தட்ட 47 சதவீதம். பட்டியல் சாதியினர் சுமார் 4 சதவீதம்தான். அந்த 4இல் கிறிஸ்தவச் சாம்பவர்கள் கிடையாது. தமிழ்நாட்டில் நாங்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறோம். சாதி சொல்லி எங்களை அடித்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் எங்களுக்கு வராது. அடிப்பவன் ஞானஸ்நானச் சான்றைக் கேட்டுவிட்டா அடிக்கிறான்?

சபையைச் சேர்ந்தவர் என்றால் என்ன என்பதை இந்த இருநூறு ஆண்டுகள் எங்களுக்குக் கற்றுத் தந்திருக்கின்றன. பதிவேட்டில் பெயர் இருப்பது முதல் படி. திருவிருந்தில் ஒரே பாத்திரம், கல்லறைத் தோட்டத்தில் ஒரே மண், கமிட்டியில் முடிவெடுக்கும் குரல், பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவு. இவை இருந்தால்தான் சபை. இல்லையென்றால் அது கூரை போட்ட சாதிச் சங்கம்.

போதகர்களே, சேகரத் தலைவர்களே, மூன்றாம் பத்தியை நீக்கச் சொல்லி டெல்லியிடம் கேளுங்கள், நாங்களும் கூட வருகிறோம். ஆனால் உங்கள் சபையின் எழுதாத மூன்றாம் பத்தியை நீக்க டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமையே போதும். அந்த நாள் எங்கள் முன்னோர் வாங்கிய நாள்.